எண்ணெய் பட்ட சூனியக்காரி

செல்வினுக்கு வேலைதான் கிடைக்கவில்லை. ஒரு படை கிடைத்தது. வெளிநாட்டில் யாரோ பரணைக் காலி செய்தபோது தள்ளிவிட்ட பழைய உலோகப் பொம்மைகள். விரல் உயரம்கூட இல்லாத குள்ளர்கள், பூதங்கள், எலும்புக்கூட்டு வீரர்கள், கை முறிந்த ஒரு சூனியக்காரி. எல்லாவற்றின் மேலும் பழைய சொந்தக்காரர் பெயிண்டைத் தோசைமாவு போல அப்பியிருந்தார். கழக்கூட்டம் என்ற ஊரில் அகில் என்பவனின் ஃப்ளாட்டில், இப்படிப்பட்ட பொம்மைகளை மேசைமேல் நிறுத்திச் சண்டை விடும் வளர்ந்த ஆண்கள் ஞாயிறுதோறும் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் சேர்வதே செல்வினின் லட்சியம்.

பெயிண்ட் அடிப்பதற்கு முன் பொம்மையைத் தயார் செய்வது ஒரு தவம் என்று தங்கை ஜெஸ்லினுக்கு விளக்கினான். விளக்கியது அவன், தவம் செய்தது அவள். சாலைக் கடைத்தெருவில் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் வாங்கி வந்து, பொம்மைகளை ஊறுகாய் ஜாடியில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷால் இடுக்கிடுக்காகத் தேய்த்தாள். அச்சின் இரு பாதியும் சேர்ந்த இடத்தில் ஓடிய கோட்டைச் சின்ன அரத்தால் ராவினாள். சூனியக்காரியின் தோளில் துளை போட்டு, கம்பி செருகி, கையை ஒட்டினாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவளுக்குப் பிடித்துப் போன முதல் வேலை அது. எல்லாம் முடிந்தால் சூனியக்காரி உனக்கு, நீயே பெயிண்ட் அடித்துக்கொள் என்று செல்வின் வாக்குக் கொடுத்திருந்தான்.

பெயிண்ட் இருந்தவரை அம்மா சுசீலாபாய்க்கு அவை பொம்மைகள். உரித்ததும் பிசாசுகளின் சொந்த முகம் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து வந்தவர், போதகர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெயை ஒவ்வொன்றின் நெற்றியிலும் பூசினார். நெற்றி எள்ளளவு, எண்ணெய் தாராளம். உள்ளங்கால் வரை வழிந்தது.

எண்ணெய்ப் பசை இருந்தால் உலோகத்தில் அடிப்பூச்சு பிடிக்காது. ஜெஸ்லின் எல்லாவற்றையும் சோப்பில் கழுவ எடுத்தபோது செல்வின் வந்தான். சூனியக்காரியை அகிலுக்குப் பரிசாகக் கொடுக்கப்போவதாகவும், கொடுத்தால் கூட்டத்தில் இடம் உறுதி என்றும் சொன்னான்.

"எனக்குன்னு சொன்னியே அண்ணா?"

"நீ பெயிண்ட் அடிச்சா ஓணத்துக்குக் கடை வாசல்ல வேஷம் கட்டி நிக்குற மாவேலியா ஆயிரும்டீ."

ஜெஸ்லின் குள்ளர்களையும் பூதங்களையும் எலும்புக்கூடுகளையும் சோப்பு நுரையில் தேய்த்துக் கழுவித் துடைத்தாள். சூனியக்காரியை மட்டும் கழுவவில்லை. அம்மாவின் ஜெபம் மொத்தமாக வீணாக வேண்டாமே.

சனிக்கிழமை மழை விட்ட இடைவெளியில் செல்வின் மொட்டை மாடியில் எல்லாவற்றுக்கும் அடிப்பூச்சு தெளித்தான். பிறகு சூனியக்காரிக்குப் பச்சை அங்கியும் தங்கக் கரையும் தீட்டி, பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

ஞாயிறு சாயங்காலம் வேறு முகத்தோடு வந்தான். படையைத் தயார் செய்தது முழுக்கத் தன் கைதான் என்று கூட்டத்தில் பெருமையடித்துவிட்டு சூனியக்காரியை நீட்டினானாம். அகில் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனபோது, பச்சை அங்கி அவன் கட்டைவிரலோடு வந்துவிட்டது. மிச்சமும் அவித்த கிழங்கின் தோலாக உரிந்தது. கழுவாமலா அடித்தாய் என்று அகில் கேட்டானாம். பரிசைத் திருப்பிக் கொடுத்து, கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்களாம். இன்டர்வியூக்குப் போன இடத்திலெல்லாம் அவன் கேட்ட அதே வார்த்தை.

அம்மா கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். உரிந்தவள்தான் பிசாசுகளுக்குத் தலைவி என்றும், அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்லப்போவதாகவும் அறிவித்தார்.

செல்வின் சூனியக்காரியைத் தங்கையின் மடியில் எறிந்தான். "ராசியில்லாத சனியன். நீயே வச்சுக்க."

ஜெஸ்லின் பொம்மையைத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டின கை அசையவில்லை. சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனபோது அம்மா எண்ணெய்ப் புட்டியோடு பின்னால் வந்தார். இன்னொரு சொட்டு வைக்கட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம்மா," என்றாள் ஜெஸ்லின். "முதல்ல வச்சதே நல்லா வேலை செஞ்சிருக்கு."