வெள்ளிக்கிழமை சர்வர்

வெள்ளிக்கிழமையானால் அந்த ஆபீசில் சர்வர் படுத்துவிடும். மற்ற நாளெல்லாம் சமர்த்தாக ஓடும். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தால் போதும், திறந்து வைத்த ஃபைல் அப்படியே உறைந்துபோகும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் குழாய்க்கு வளைவு செய்யும் கம்பெனி அது. வரைபடம் எல்லாம் அந்த ஒரே சர்வரில்தான். அது படுத்தால் ஷெட்டில் மிஷினும் சும்மா நிற்கும், ஆளும் சும்மா நிற்பான்.

இதைச் சரிசெய்ய வேண்டியவன் விமல். கம்பெனிக்கு ஒரே கம்ப்யூட்டர் ஆள். கெட்டிக்காரன், அதை அவனே சொல்லுவான். கூச்சல் கேட்டதும் சர்வர் அறைக்கு ஓடுவான், வியர்க்கிறதே என்று ஏசியைப் போடுவான், ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் சொருகுவான். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாக வந்துவிடும். “நா போயி உக்காந்தாலே அதுக்கு பயம்பா” என்று வெளியே வருவான்.

ஆனால் அடுத்த வெள்ளி மறுபடி போகும். ஒருநாள் மேனேஜர் தேசப்பன் ஹாலில் எல்லார் முன்னாலும் அவனை நிறுத்திக் கேட்டார். “இன்னாப்பா இது, வாராவாரம் பேஜாரு?”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். விமல் சுற்றிலும் பார்த்தான். கண்ணில் பட்டது டிராயிங் மேஜை ஜெபா.

“ஜெபாதான் சார். பெரிய பெரிய ஃபைல ஒரே அடியா இழுக்குது. சர்வர் தாங்கல.”

பின்வரிசையில் யாரோ, “வெள்ளிக்கிழம பூஜைக்கும் வராது, வெளியவே நின்னுகினு இருக்கும்” என்றார்கள். சிலர் சிரித்தார்கள். விமலும் சிரித்தான்.

ஜெபா வள்ளூரிலிருந்து வருகிறவள். அப்பா அங்கே மின்நிலையத்தில் சாம்பல் அள்ளும் கான்ட்ராக்ட் கூலி. நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கும் முதல் ஆள் அந்த வீட்டில் அவள்தான். அவளும் கான்ட்ராக்ட்தான்; அந்த மாதம்தான் பர்மனென்ட் ஆக வேண்டியது. “மொதல்ல இது முடியட்டும்” என்று தேசப்பன் அதை நிறுத்தி வைத்தார். அவளுடைய கம்ப்யூட்டரின் ஒயரை விமலே கழற்றினான். அவளை ஸ்டோர் ஷெட்டுக்கு அனுப்பினார்கள். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் மேஜை காலியாக இருந்தது. மதியம் சர்வர் படுத்தது.

விமல் ஓடினான். அறைக்குள் அடுப்படிபோல வெக்கை. கை தன் வழக்கப்படி ஏசி சுவிட்சுக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

இதை அணைத்தது யார்?

காலையில் அவன்தான். வெள்ளிக்கிழமை பூஜையில் சர்வருக்குத் தனி மரியாதை உண்டு. பொட்டு வைத்து, மாலை போட்டு, விமலே தட்டெடுப்பான். ஏசிக் காற்றில் கற்பூரம் அணைந்தால் அபசகுனம் என்று முதலில் ஏசியை அணைப்பான். அப்புறம் சுண்டல் வாங்கப் போய்விடுவான். சர்வர் காலை முழுக்க வெந்து, மதியம் தாங்காமல் தானே நின்றுவிடும். அவனே ரிப்பேர் பார்க்க வந்து, தன் வியர்வைக்காக ஏசியைப் போடுவான். அது குளிர்ந்து எழுந்துகொள்ளும். வாராவாரம் கெடுத்ததும் அவன், தெரியாமலே சரிசெய்ததும் அவன். காதுமடல் வரை சூடேறியது. ஏசி போட்ட பிறகும் அது இறங்கவில்லை.

பின்னாலேயே தேசப்பன் வந்தார். “அந்தப் பொண்ணுதான் இல்லியே, இப்ப இன்னா?”

“ஏசி ஆஃப் ஆயிருக்கு சார். சூட்டுல போயிடுச்சி.”

“யாரு ஆஃப் பண்ணது?”

விமல் சுவிட்சைப் பார்த்தான். வாசலில் முத்தம்மா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். தேசப்பன் திரும்பினார். “முத்தம்மா, தொடைக்கும்போது சுவிட்ச அமுக்கிட்டியா?”

“நா தொடவே இல்லியே சார்.” முத்தம்மா மாப்புக் கட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “கை பட்டிருந்தாலும் பட்டிருக்கும். தெர்ல சார்.”

செய்யாத தப்பை அவள் பாதி ஒத்துக்கொண்டதைப் பார்த்ததும் விமல் முன்னால் வந்தான். “அவங்க இல்ல சார். நாந்தான். பூஜைக்காக ஆஃப் பண்ணேன். வாராவாரம் நாந்தான்.”

தேசப்பன் கதவைச் சாத்தினார். “சரி உடு, வெளிய தெரிய வாணாம். அந்தப் பொண்ண மேஜைக்கு கூட்டிக்கலாம். பர்மனென்ட் மட்டும் அடுத்த வருசம் பாக்கலாம். இப்பவே குடுத்தா நம்ம மேலதான் தப்புன்னு ஆயிடும்.”

விமல் தலையாட்டினான். ஆட்டிவிட்டு, அதற்காகவும் கூசினான்.

நேரே ஸ்டோர் ஷெட்டுக்குப் போனான். ஜெபா போல்ட்டு மூட்டைகளுக்கு நடுவில் இருந்தாள். நடந்ததை மெல்லிய குரலில் சொன்னான். “சாரி ஜெபா.”

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “எம்மேல பழி போடும்போது ஹாலே கேட்டுச்சி. சாரிய மட்டும் யாரும் இல்லாதப்ப வந்து சொல்றீங்களாண்ணா?”

அந்த வாரம் அவன் ஒழுங்காகத் தூங்கவில்லை. செத்துத் தொலையலாம்போல இருந்தது. ஜெபா மேஜைக்குத் திரும்பிவிட்டாள்; அவன் அந்தப் பக்கம் போவதையே நிறுத்தினான்.

வெள்ளிக்கிழமை பூஜைக்குச் சர்வர் அறை வாசலில் எல்லாரும் கூடினார்கள். விமல் தட்டை எடுத்தான். கற்பூரத்தை ஏற்றினான். ஏசியை அணைக்கவில்லை. கற்பூரம் இரண்டு தரம் ஆடி அணைந்தது.

“அய்ய, ஏசிய ஆஃப் பண்ணுப்பா” என்றார் ஒருவர்.

“அத்த ஆஃப் பண்ணிதான் இத்தினி நாளும் சர்வர் போச்சி.” கடைசி மேஜைக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான். “பண்ணது நான். ஜெபா மேல பழி போட்டதும் நான். அது ஒண்ணும் பண்ணல. அதுக்கு வர வேண்டிய பர்மனென்ட் என்னாலதான் நின்னுபோச்சி.”

தேசப்பன் முகம் கறுத்தது. பலர் அவரைத்தான் பார்த்தார்கள். அன்றைக்கு ஹாலில் சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

டிராயிங் மேஜையில் கீபோர்டு சத்தம் நின்றிருந்தது. ஜெபா திரும்பிப் பார்க்கவில்லை. விமல் அணைந்த தட்டோடு அங்கேயே நின்றான். கொஞ்சம் கழித்து அவள் மறுபடி தட்டத் தொடங்கினாள்.