தொப்பிக்காக்காவும் நல்ல நாயும்

சின்னக்கடையில் ஜமால்தீனின் பலசரக்குக் கடைக்குச் சீனி சுற்றவும் தேயிலை சுற்றவும் பழைய இங்கிலீசுப் பேப்பர் கட்டுக்கட்டாக வரும். புகைவிட்டு வரும் தலைமன்னார் கோச்சியில் இறங்கும் அந்தக் கட்டு, கடைக்குப் போகுமுன் ஒரு கத்தரிக்கோலைத் தாண்டியாக வேண்டும். கத்தரிக்கோல் ஜமால்தீனின் மனைவி ஸுஹறாவுடையது. கவர்னர் துரை என்ன பேசினார், எந்த ராசா முடி துறந்தார், ஒன்றும் அவளுக்கு வேண்டாம். கடைசிப் பக்க மூலையில் நாலு கட்டத்தில் ஒரு படக்கதை வரும், அது போதும். பேச்சே இல்லாத கதை. உயரத் தொப்பி போட்ட ஒரு குண்டு மனிதர், கூடவே ஒரு புள்ளி நாய். அந்த மனிதரை அண்ணன் முறையாக்கித் தொப்பிக்காக்கா என்று பேர் வைத்ததும் அவள்தான்.

வெட்டியதையெல்லாம் கஞ்சி தடவி அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டிவைப்பாள். பகலில் ளுஹர் தொழுது முடித்ததும் கைருன்னிசா மாமியும் கதீஜாவும் இன்னும் நாலைந்து பெண்களும் பனையோலையோடு வந்து உட்கார்ந்து பெட்டி இழைப்பார்கள். ஸுஹறா அலுமாரியைத் திறந்து கதை சொல்லுவாள். அடேயப்பா, என்ன சிரிப்பு! ஓலை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அதுவரை அந்தக் குறுகிய ஒழுங்கையில் அவளுக்கு 'ஜமால்தீன்ட பொஞ்சாதி' என்பதைத் தவிர வேறு பேர் கிடையாது. இப்போதோ ஸுஹறா சொன்னால் சொன்னதுதான். அந்தப் பேருக்காக அவள் உயிரையும் விடுவாள்.

அப்படியிருக்கும்போது பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. தொப்பிக்காக்கா கதைகள் இரண்டு புத்தகமாக வந்திருப்பதாக அடுத்த வீட்டுப் பெற்றிசியா வாசித்துச் சொன்னாள். சிவப்பு அட்டையில் நாயோடு பட்ட பாடுகள், நீல அட்டையில் கலியாணக் கதைகள். பெட்டி விற்ற காசில் ஒன்று வாங்கலாம் என்று பெண்கள் முடிவு கட்டினார்கள். எது என்பதை ஸுஹறாவிடமே விட்டுவிட்டார்கள். இங்கிலீசுக் கடிதம் எழுதவும் பெற்றிசியாவே இருந்தாள். கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். அதனால் பகல் சபைக்கு ஒருநாளும் வந்ததில்லை. சனிக்கிழமை காலை பேனையும் கையுமாக வந்து கதிரையில் உட்கார்ந்தாள்.

"சிவப்பு," என்றாள் ஸுஹறா.

"ஐயோ ராத்தா, சிவப்பு வேண்டாம். நீலத்தை எடுப்பம்."

"ஏன் பிள்ளை? நாய் இல்லாட்டி அந்த மனுசன் பட்டினியெல்லோ?"

பெற்றிசியா பேனையைக் கீழே வைத்தாள். "அந்த நாயாலைதான் அவர் பட்டினி! கேக்கை வாயிலை வைக்கப் போனாலே பறிச்சுக்கொண்டு ஓடிப்போடும்."

"என்ன கதை கதைக்கிறாய்? வெறுங் கோப்பையோடை அழுதுகொண்டு இருக்கிறவருக்குக் கேக்கைக் கவ்விக்கொண்டு வந்து குடுக்கிறதே அந்த நாய்தான். நாய் எண்டாலும் நல்ல நாய்! கைருன்னிசா மாமி அதுக்காக அல்லாஹ்விட்டை துஆவே கேட்டவ."

இரண்டு பேரும் எழுந்து அலுமாரிக்கு ஓடினார்கள். அதோ கேக், அதோ நாய். பெற்றிசியாவின் விரல் இடப்பக்கக் கட்டத்தில் போய் நின்றது. ஸுஹறாவின் விரல் வலப்பக்கக் கட்டத்தில் நின்றது.

"ராத்தா... நீங்கள் எந்தப் பக்கத்திலையிருந்து பாக்கிறனீங்கள்?"

"எந்தப் பக்கமோ? ஓதுற பக்கத்திலையிருந்துதான்."

ஸுஹறா படித்ததெல்லாம் குர்ஆனும், அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழும். வலமிருந்து இடம் போகாத எழுத்தை அவள் வாசித்ததேயில்லை. பெற்றிசியா மெல்ல, ஒவ்வொரு படமாக, வெள்ளைக்காரன் வழியில் காட்டினாள். புதுக் குடையோடு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார். காற்று வருகிறது. குடை பறக்கிறது. ஆள் வாய்க்காலில். முடிந்தது கதை. ஸுஹறா சொன்ன கதையிலோ வாய்க்காலில் நனைந்து நின்றவருக்கு வானத்திலிருந்து குடை இறங்கிவந்தது. நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்குப் போனார்.

ஸுஹறா கணக்குப் பார்த்தாள். ஏழு மாதம்! ஏழு மாதமாகக் கூடியிருந்த பெண்களுக்குத் தலைகீழாகக் கதை விட்டிருக்கிறாள். "பொய்க்காரியாப் போனனே," என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன், ராத்தா."

"நீ சொல்ல மாட்டாய். முன்னட்டையைத் திறந்தாலே புத்தகம் சொல்லுமே!"

பயந்தாலும் அவள் மறைக்கிற சாதி இல்லை. பகலில் பெண்கள் வந்து உட்கார்ந்ததும் கதவைத் திறந்து, அந்த வாரத்துப் புதுக்கதையை இடப்பக்கத்திலிருந்து சொன்னாள். தொப்பிக்காக்கா நிலவில் பாட்டுப் பாடுகிறார், மேல்மாடியிலிருந்து யாரோ ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறார்கள், தொப்பி ஒழுகுகிறது, நாயும் விட்டுவிட்டு ஓடிப்போகிறது.

ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"பிறகு?" என்றாள் கதீஜா.

"பிறகு ஒண்டுமில்லை. அவ்வளவுதான்."

கைருன்னிசா மாமி பாதிப் பெட்டியைத் தூக்கி எறிந்தாள். "ஏன்டி, அந்த மனுசன் உனக்கு என்ன செய்தவர்? ஜமால்தீனோடை சண்டையெண்டா அவனைப் பிடிச்சு ஏசு! ஏன் எங்கட காக்காவைப் போட்டு நனைக்கிறாய்?"

ஸுஹறா தாங்கமாட்டாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், அவள் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாள், நாயின் உண்மையான குணம் என்ன, ஒன்றும் விடவில்லை. "இவ்வளவு நாளும் நான் சொன்னதெல்லாம் பிழை, மாமி. இனி என்னட்டைக் கதை கேக்காதையுங்கோ." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மாமி எழுந்து அலுமாரிக்கிட்டே போனாள். மூக்கு முட்டப் பார்த்தாள். இடமிருந்து ஒருதரம், வலமிருந்து ஒருதரம்.

"இதிலை உன்னிலை ஒரு பிழையும் இல்லை," என்றாள் கடைசியில். "வெள்ளைக்காரன்தான் படத்தைப் பிழையாக் கீறிப்போட்டான்."

"மாமி—" என்றாள் ஸுஹறா.

"பின்னை? ஒரு மனுசனை வாய்க்காலுக்கை விட்டிட்டுப் போறதும் ஒரு கதையோ? பிள்ளை பெற்றிசியா, எழுது. சிவப்புப் புத்தகம் ஒண்டு. அதோடை, இனிமேல் சரியான பக்கத்திலையிருந்து கீறச் சொல்லி ஒரு வரி போடு. மரியாதையாப் போடு, துரைமார்தானே."

கதீஜா சிரிக்கத் தொடங்கினாள், பிறகு எல்லோரும். ஸுஹறா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அன்றைய கதையை வலப்பக்கத்திலிருந்து திரும்பச் சொல்லும்வரை ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. நாய் ஓடிவந்தது, தொப்பியிலிருந்த தண்ணீரெல்லாம் மேல்மாடி வாளிக்குள் ஏறியது, தொப்பிக்காக்கா காய்ந்த சட்டையோடு நிலவில் பாட்டுப் பாடினார். பெற்றிசியா அந்த வரியையும் எழுதித்தான், காசுக்கட்டளையோடு பின்னேரக் கோச்சிக்குக் கடிதத்தைக் கொடுத்தாள்.

மூன்றாம் வாரம் புத்தகம் வந்தது. கொழும்பிலிருந்து அந்த வரிக்கு மட்டும் பதில் இல்லை. "வெக்கமாயிருக்கும், பாவம்," என்றாள் மாமி.

அன்றைக்குப் பெற்றிசியா பள்ளிக்கூடத்துக்குத் தலையிடி என்று சொல்லிவிட்டு வந்து பாயின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தை அவள் மடியில் வைத்து, "நீயே திற பிள்ளை, படிச்சனீயெல்லோ," என்றாள் ஸுஹறா. சொன்னாளே தவிர, முன்னட்டையைத் திறந்துவிடுவாளோ என்று பயந்தாள். பெற்றிசியா சிவப்பு அட்டையை ஒருமுறை தடவினாள். பிறகு புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின்னட்டையைத் திறந்தாள்.

கடைசிப் படத்தில் தொப்பிக்காக்கா கழுத்துவரை சேற்றில் நின்றார்.

"கவலைப்படாதையுங்கோ," என்று பெற்றிசியா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். "இப்ப நாய் வரும்."