ஆள் இருக்கு

முதல் அழுகை வெளியே வருவதற்குள் கங்காணி சபாபதி கருப்பாயியின் வாயைப் பொத்திவிட்டார். பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு ஆள் எழுப்ப லயத்துக் கதவுகளைத் தட்டிக்கொண்டு வந்தவர் அவர். பாயில் அவள் புருஷன் அய்யாவு கிடந்த கிடையைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. நேற்று வரை அவனைக் காய்ச்சலோடு ரப்பர் மரம் சீவ இழுத்துப்போனவரும் அவர்தானே.

“இப்ப அழாத புள்ள. நீ அழுதா லயத்துல ஒருத்தரும் அடுப்பு மூட்ட மாட்டாங்க, வேலைக்கும் எறங்க மாட்டாங்க. பால் நிறுத்து முடியட்டும். அப்புறம் தப்படிச்சு நாலு பேரு தூக்கிட்டுப் போக நான் விடுறேன். இல்லேன்னா துரையோட ஆளுங்க சதுப்புல தள்ளிருவாங்க.”

ஊரில் அவர் அவளுக்கு மாமன் முறை. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று புருஷன் பெண்டாட்டி இருவரையும் இந்தத் தோட்டத்துக்குக் கப்பலேற்றியவர். கைநாட்டு வாங்கி ஆளைக் கட்டிப்போடும் சஞ்சிக்கூலியைச் சர்க்கார் ஒழித்துவிட்டது என்று போன வருஷம் சொன்னார்கள். ஒழிந்தது என்னவோ அந்தப் பேர் மட்டும்தான். ரெங்கம் ரயில் ஸ்டேஷன் வரை ஓடிப்போன அய்யாவுவை அதற்கப்புறமும்தான் கையைக் கட்டி இழுத்துவந்தார்கள்.

கருப்பாயி தலையை ஆட்டினாள். அவன் நாதியற்ற பிணமாகப் போகக் கூடாது, அவளுக்கு வேண்டியது அவ்வளவே. தலைமாட்டில் விளக்கேற்றி, எறும்பு வராமல் பாயைச் சுற்றிச் சாம்பல் தூவிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

பெரட்டுக்களத்தில் கணக்கெழுதும் புதுக் கிராணி பேர் வாசித்தான்.

“அய்யாவு.”

“ஆள் இருக்கு,” என்றார் கங்காணி.

வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. செத்தவன் தலை என்றால் மட்டும் கசக்குமா? கருப்பாயி வாளியை எடுத்துக்கொண்டு தன் நிரைக்கு நடந்தாள்.

அன்று அவள் சீவிய மரங்களிலெல்லாம் கத்தி ஆழமாக இறங்கிப் பட்டையைக் காயப்படுத்தியது. பக்கத்து நிரையில் சீவிக்கொண்டிருந்த ராசம்மா, புருஷனுக்குத் தேவலையா என்று கேட்டாள். தூங்குகிறார் என்று சொல்லிவிட்டுக் கருப்பாயி அடுத்த மரத்துக்குப் போனாள்.

பால் நிறுத்து முடிந்தபின் கங்காணி உத்தரவு கொடுத்தார். இனி அழலாம், ஆனால் தப்படிக்க வேண்டாம், துரை பங்களாவுக்குக் கேட்கும் என்றார். பெண்கள் தலையை அவிழ்த்துப்போட்டு, தோள்மேல் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் கருப்பாயி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ராசம்மா முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிணம் விறைத்துப்போயிருந்ததில், விடியுமுன்னே செத்தவன் என்று தெரிந்ததும் அவளும் கையை எடுத்துக்கொண்டாள். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. தப்பும் இல்லாமல், பெண்டாட்டியின் அழுகையும் இல்லாமல் அய்யாவு ரப்பர்க்காட்டு ஓரத்தில் மண்ணுக்குள் போனான்.

துக்கம் காக்கவும் விடவில்லை. மறுநாள் வாளியோடு அவள் பெரட்டில் நின்றாள்.

“அய்யாவு.”

“ஆள் இருக்கு.”

கருப்பாயி வாளியைக் கீழே வைத்தாள்.

“இல்லீங்க. எம்புருஷன் செத்துப்போயிட்டாரு. நேத்து இவரு ஆள் இருக்குன்னு சொன்னப்பவே செத்துக் கெடந்தாரு.”

சொல்லி முடிக்கும்போதே, நேற்றெல்லாம் வராத அழுகை பீறிட்டு வந்தது. என்னைப் பெத்த ராசாவே என்று மார்பில் அறைந்துகொண்டு தரையில் சரிந்தாள். கங்காணி அவள் வாயைப் பொத்தக் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். அதற்குள் ராசம்மா கொண்டையை அவிழ்த்துவிட்டு இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, கருப்பாயியின் தோள்மேல் கைபோட்டாள். இன்னொருத்தி வாளியை வைத்தாள். பிறகு இன்னொருத்தி.

கிராணி அடுத்த பேரை வாசித்தான். சற்றுப் பொறுத்து அதே பேரை மறுபடியும் வாசித்தான்.