கிங்காவை மீட்ட வால்கள்

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணைத் திருடாவிட்டால் மரியாதையே இல்லை. சூப் வருவதற்குள் என் தங்கை கிங்காவை நான்தான் இழுத்துக்கொண்டு போய், கூடத்தை ஒட்டிய ஊறுகாய் அறையில் அடைத்துக் கதவில் சாய்ந்து நின்றேன். மாப்பிள்ளை ஹோரியா ஈடு கொடுத்து மீட்க வேண்டும். தவறினால் அவன் முதல் நடனம் பெண்ணோடு இல்லை, துடைப்பத்தோடுதான். பெண் தானாக வெளியே வந்துவிட்டால் தோற்றது நாங்கள்.

ஹோரியா ருமேனியன், நாங்கள் ஹங்கேரியர். அப்பாவுக்கு அது தொண்டையில் முள். "நம்ம பேச்சே வராது. வீட்டுக்கு வந்தா பொம்மையாட்டம் உக்காந்திருப்பான், பாரு" என்று காலையில்கூடப் பொருமினார். இன்று இவன் அசடு வழிந்தால் காலம் முழுக்கச் சொல்லிக்காட்டுவார். கிங்காவுக்கு அந்தப் பயம்தான், எனக்கும்தான்.

ஈடு என்னவென்று சொல்வது எங்கள் ஆரோன் மாமா. லேசில் விடுவாரா? மீசையை நீவிக்கொண்டே, "தம்பி, 'கெர்ட்'னா தோட்டம். அதுக்கு வால் மேல வாலா ஒட்டு, பாப்போம். மூச்சு விடக் கூடாது" என்றார். கெர்ட்டெம், என் தோட்டம். கெர்ட்யெயின்க்பென், எங்கள் தோட்டங்களில். இப்படி விகுதி மேல் விகுதி ஒட்டுவது எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஹோரியா இரண்டாவது வாலிலேயே தடுக்கி விழுந்தான். கூடமே கொல்லென்று சிரித்தது. யாரோ துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினார்கள். அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, எங்க மொழியிலயும் வால் இருக்கு. தோட்டத்துக்கு வேணாம், கிங்காவுக்கே ஒட்டுறேன்!" என்றான் ஹோரியா.

"ஒட்டித் தொலை!"

"கிங்குகா! கிங்குட்ஸா! கிங்குலிட்ஸா!"

கொஞ்சுவதற்கென்றே ஆயிரம் விகுதி வைத்திருக்கிறார்கள் இந்த மனுஷர்கள். தனியாக இருக்கும்போது கூப்பிடுவதையெல்லாம் ஊர் முன்னால் கூவினான், படுபாவி. "ஐயோ, மானம் போச்சே! அக்கா, அவன் வாயை மூடேன்" என்று உள்ளே கிங்கா தவித்தாள்.

"கிங்குட்ஸாச்காம்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'ட்ஸா' அவர்களுடையது, பின்னால் தொங்கிய 'ச்கா'வும் 'ம்'மும் எங்களுடையவை. என் செல்லக் கிங்காக்குட்டி என்று இரண்டு மொழியையும் ஒன்றாகப் பிசைந்துவிட்டான்!

கதவு என் முதுகில் மோதியது. "போதும்டா! இன்னொண்ணு சொன்னே, கல்யாணமே வேணாம்னு போயிருவேன்!" என்று முகம் சிவக்கச் சிவக்கக் கிங்கா பாய்ந்து வந்தாள். தோற்றோம் என்று ஆரோன் மாமா கையை விரித்தார்.

அப்பா எழுந்து ஹோரியாவிடம் வந்தார். "அந்தக் கடைசிச் சொல்லு எந்த ஊர்ப் பேச்சு?"

"தெரியல மாமா. இவளைக் கூப்பிட ஒரு மொழி பத்தல."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கச் சிரித்துக்கொண்டே, "அடுத்தது என்ன, சொல்லுங்க மாப்பிள்ளே" என்றார்.

கிங்கா இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்தினாள்.