கண் விழித்த சம்மனசு

ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோவிலில் இருப்பவர் காவல் சம்மனசு. படித்தவர்கள் வானதூதர் என்பார்கள், எங்களுக்கு அவர் சம்மனசுதான். போன மழையில் கூரை ஒழுகி, சுரூபத்தின் வர்ணம் பொரிந்து உரிந்து, முகமே இல்லாமல் நின்றார். திருவிழாவுக்குள் வர்ணம் அடித்தாக வேண்டும். வழக்கமாக அடிக்கும் திருச்சி ஆர்ட்டிஸ்ட் நேரமில்லை என்று கை விரித்துவிட்டார்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. கோவில் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து, அமுதவல்லியைக் கூப்பிடலாம் என்றேன். அவள் வீடு நான் டீச்சராக வேலை பார்க்கும் இலுப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு. அவள் அப்பா நாகராசு சுற்றுவட்டாரத்தில் பாதி ஐயனார் கோவில்களுக்கு வர்ணம் தீட்டியவர். அவரோடு சாரம் ஏறி வளர்ந்த பெண். அவர் செத்த பிறகு, தனியாகப் பொம்பளைப் பிள்ளை என்ன செய்யும் என்று ஒருவரும் கூப்பிடவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாமா என்று என்னிடமே கேட்டாள். இது அவள் தனியாக எடுத்த முதல் வேலை. நன்றாக வந்தால் நாலு ஊர் கூப்பிடும். சொதப்பினால் திருப்பூர்தான்.

உடையும் சிறகும் நகப்பூச்சு மாதிரி மழமழவென்று வந்தன. கண்ணை மட்டும் தொடவில்லை. அதைக் கடைசியில்தான் திறக்க வேண்டும், முதல் பார்வை கண்ணாடியில் விழ வேண்டும் என்பது அவள் அப்பா சொல்லித்தந்த முறை. திருவிழாவன்று காலையில் என் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கிப்போய், சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தி, கண்ணைத் திறந்துவிட்டாள்.

நான் போய்ப் பார்த்தேன். பழைய சம்மனசுக்கு இமை தாழ்ந்திருக்கும், கையில் பிடித்த குழந்தையைப் பார்த்தபடி சாந்தமாக நிற்பார். இவரோ வாசலைத் தாண்டி ரோட்டைப் பார்த்து அகல விழித்துக்கொண்டிருந்தார். கடைக்கண்ணில் சிவப்புக் கோடு வேறு.

கமிட்டித் தலைவர் சூசைராஜுக்கு முகம் கடுத்துவிட்டது. முனியாண்டிக்கு றெக்கை கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்றார். அங்கேயே நின்று திருச்சிக்கு போன் போட்டார். இத்தனை நாள் நேரமில்லாத அந்த ஆர்ட்டிஸ்டுக்கு மத்தியானமே வர நேரம் கிடைத்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அமுதவல்லி பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"பழசுல கண்ணு இருந்த எடமே உரிஞ்சு போச்சு டீச்சர். காவல் சம்மனசுன்னு சொன்னீங்க. காவலுக்கு நிக்கிறவரு கண்ண மூடிக்கிட்டா நிப்பாரு?"

பழைய போட்டோ ஒன்றை அவளிடம் காட்ட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சம்மனசின் கண் எப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும் என்று இருந்துவிட்டோம்.

அப்போது பங்குத்தந்தை ஜெஸ்வின் பைக்கில் வந்து இறங்கினார். கோபத்தையும் புலம்பலையும் கேட்டுவிட்டு, சுரூபத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு தானியேல் ஆகமத்தைச் சொன்னார். அதில் அரசனின் கனவில் வானத்திலிருந்து ஒருவர் இறங்கி வருகிறார். நம் பைபிளில் காவலர் என்று போட்டிருக்கிறார்கள். மூலத்தில் இருப்பது 'ஈர்' என்ற அரமேயச் சொல்லாம். விழித்திருப்பவர் என்று பொருளாம்.

சூசைராஜ் மசியவில்லை. புத்தகத்தில் இருக்கலாம் ஃபாதர், ஆனால் முழங்கால் போடுவது ஊர் ஜனம் அல்லவா என்றார். அதிலும் நியாயம் இருந்தது. அமுதவல்லி பையைக் கட்டி எடுத்துக்கொண்டாள்.

சப்பரத்துக்குப் பூ கொண்டுவந்த சூசைராஜின் மனைவி செபமாலை, கூடையைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தாள். அவர்கள் மகன் அருள்தாஸ் சவுதியில் டேங்கர் லாரி ஓட்டுகிறான். அவன் போனதிலிருந்து அந்த அம்மாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"என்ன அர்த்தம்னு சொன்னீங்க ஃபாதர்?"

"முழிச்சிருக்கிறவர்னு அர்த்தம்மா."

செபமாலை சம்மனசை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, எம்புள்ள அங்கிட்டு ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டுறான். நான் இங்கிட்டு பொட்டுத் தூக்கமில்லாம கெடக்கேன். இவரு முழிச்சிருக்காருன்னா நான் கொஞ்சம் கண்ண மூடலாமுல்ல. இந்தக் கண்ண அழிக்காதீங்க."

சூசைராஜ் போனைக் கையில் எடுத்தார். வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றார். திரும்பி வந்து, ஆர்ட்டிஸ்டை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ஃபாதரிடம் சொன்னார். அமுதவல்லியைப் பார்த்து, சப்பரம் தூக்கும்போது இருந்துவிட்டுப் போம்மா என்றார். அவள் பையை இறக்கிவைத்து, அதன்மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

சாயங்காலம் சம்மனசு தெருத்தெருவாகப் போனார். சின்னப் பிள்ளைகள் இரண்டு பயந்து வீறிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். பெரியவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் ஒரு வீடு பாக்கியில்லாமல் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்திருந்தார்கள்.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் சூசைராஜ் என்னைத் தேடி வந்து அமுதவல்லியின் போன் நம்பரைக் கேட்டார். குன்றாண்டார்கோவில் பக்கம் அவர் மச்சான் ஊரில் அந்தோணியாருக்கு வர்ணம் அடிக்க வேண்டுமாம், நேற்றுச் சப்பரத்தில் பார்த்துவிட்டு இவளைத்தான் கேட்கிறார்களாம். எந்த மழையானாலும் பூசைக்குத் தவறாத செபமாலையை அன்று காணவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன்.

"தூங்குறா டீச்சர்," என்றார். "எழுப்ப மனசு வரல."