அடுப்படித் தென்னையின் ஓலை

1
நைனார்பாளையத்துப் பக்கம் பேருந்தில் போகும்போது வெட்டிச் சாய்த்த தென்னந்தோப்பு ஒன்றைப் பார்த்தேன். அடிக்கட்டைகளுக்கு நடுவே ஒரு வீடு. அடுப்படி ஓரமாக ஒரே ஒரு மரம் மட்டும் குலைதள்ளி நின்றது. இந்தக் கதைக்கு என் கையில் இருப்பது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘செந்தமிழ்ச்செல்வி விடியலில் எழுந்து கோலம்...’ (வேண்டாம். கோலம் போட்டே நம் கதைகளில் வாசல் தேய்ந்துவிட்டது.)

2
செந்தமிழ்ச்செல்வியின் தோப்பில் குரும்பை கொட்டியது. அடிமட்டைகள் மஞ்சளாகி நுனி கருகின. வெட்டிவிட்டுக் கரும்பு போடலாம் என்றான் கணவன் தீனதயாளன். கல்யாணமான புதிதில் இருவரும் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள். அவள் ஓலையை வேளாண் ஆய்வகத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று கெஞ்சினாள். சத்துக் குறைவென்றால் உரம் வைத்துப் பிழைக்க வைக்கலாம். குறையே இல்லையென்றால் அது தொற்றுநோய், வெட்டத்தான் வேண்டும். இது தீனதயாளனின் கணக்கு.

வாடிய மரங்களில், உச்சியிலிருந்து எண்ணிப் பதினாலாவது மட்டையின் நடு ஓலையை ஆய்வகத்தில் கேட்டிருந்தார்கள்.*

* இளமட்டையும் பொய் சொல்லும், கிழமட்டையும் பொய் சொல்லும். மரத்தின் வயிற்றை நடுவயசு மட்டைதான் சொல்லும்.

3
மரமேறி ராசு தோப்புக்குள் நின்று கேட்டான். “இத்துல ஏறட்டுங்களா?”

அவள் அண்ணாந்து பார்த்தாள். மட்டைகள் கருகித் தொங்கின.

“இன்னா ராசு, வூட்டுலேர்ந்து வெளிய போறத இப்டியா அனுப்புவாங்க? அடுப்படி மரத்துல ஏறு.”

“மஞ்சளா கீறதுலதான கேட்டாங்க?”

“எல்லாம் ஒரே தோப்புதான். பதினாலாவதா பாத்து எண்ணி வெட்டு.”

எண்ணிக்கையில் தவறில்லை. ஓலையை முந்தானையால் துடைத்து அனுப்பினாள். அந்த மரத்துக்குத்தான் தினமும் கழுநீரும் அடுப்புச் சாம்பலும். மற்ற மரங்கள் ஏங்கிக் கிடந்த சாம்பல்சத்தை அது ஒன்றுதான் வயிறாரத் தின்றிருந்தது.

(அவளை முட்டாளாக எழுதப் பார்த்தேன், முடியவில்லை. விருந்தாளிக்கு விரிசல் தட்டில் சோறு போடாத வளர்ப்பு அது.)

4
முடிவு வந்தது: சத்து எதிலும் குறைவில்லை.

தீனதயாளன் அடுப்படி மரத்தைக் காட்டினான். “அப்ப சீக்குதான் செல்வி. வுட்டா இதுக்கும் தொத்திக்கும்.”

அவளே தலையாட்டினாள். நன்றாக இருந்த ஒன்றைக் காப்பாற்ற மற்றவையெல்லாம் விழுந்தன.

5
முடிக்க இரண்டு வழி பார்த்தேன்.

ரம்பம் வைக்கும் முன் ராசு வாய்திறந்துவிடுகிறான். (அடிக்கட்டைகளை நான் பார்த்துவிட்டேனே.)

அவளுக்கே ஒருநாள் விளங்கி, சாம்பல் சட்டியோடு அந்த மரத்தடியில்... (இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.)

நீங்கள் அந்த வழியே போகக்கூடும். வெயிலுக்கு ஒதுங்கினால் இளநீர் வெட்டித் தருவாள். “இந்த மரத்து ஓலையதான் அனுப்புனோம். ஒரு கொறையும் இல்லன்னு சொல்ட்டாங்க,” என்பாள் பெருமையாக.

அதைக் குடித்து முடிப்பதற்குள் அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் பேருந்தை விட்டு இறங்கவே இல்லை.