பள்ளத்தைப் பற்றிச் சொல்லாத சேதி

வாக்ரிஸ் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பிற்பாடு இதைத் தனக்குத்தானே எத்தனை முறை சொல்லிப் பார்த்தும் நெஞ்சு ஆறவில்லை. அஃபார் என்னும் அந்தப் பாலை மண்ணில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் கையைப் பற்றி முத்தமிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்டது கேட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லியாக வேண்டும். அதற்கு டாகு என்று பெயர். பசி, தாகம் எல்லாம் அதற்குப் பிறகுதான். டாகுவில் மறைக்கிறவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். இதெல்லாம் தெரிந்தேதான் செய்தான், பாவி.

முந்தின மாதம் பன்னிரண்டு நாள் விட்டு விட்டுத் தரை ஆடியது. அது அங்கே புதிதல்ல. பூமியே இரண்டாக விலகிக்கொண்டிருக்கிற நாடு அது. வெளிநாட்டுக்காரர்கள் இரும்பு ஆணி அடித்து வைத்து, வருஷா வருஷம் வந்து அளந்துவிட்டுப் போவார்கள். ஆனால் இந்த முறை கருங்கல் மேட்டில் ஒட்டகம் தாண்ட முடியாத அகலத்துக்கு வெடிப்பு விட்டிருந்தது. காணாமல்போன ஒட்டகத்தைத் தேடிப் போன வாக்ரிஸ் கண்ணில்தான் அது முதலில் பட்டது. வெடிப்பின் ஒரு முனையில் ஆவி புஸ்ஸென்று கிளம்பிக்கொண்டிருந்தது.

அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆவி என்றால் தண்ணீர். மேலே கல்லைக் குவித்து மூடிவிட்டால், ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாகக் கீழே வெட்டிய குழியில் இறங்கும். நாளுக்கு இரண்டு தோல்பை நிறையும். யார் முதலில் குவியலைக் கட்டி முடிக்கிறார்களோ, தண்ணீர் அந்த வீட்டுக்குத்தான். அவன் வீட்டுப் பெண்கள் ஒரு பை தண்ணீருக்கு அரை நாள் நடந்துகொண்டிருந்தார்கள். கட்டி முடிக்க எப்படியும் மூன்று நாள் ஆகும். அதுவரை யார் காதுக்கும் எட்டக் கூடாது.

ஒட்டகம் கிடைத்துத் திரும்பும்போது, அதை மேலேயே நிறுத்திவிட்டு மேட்டுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் இறங்கினான். ஒற்றை வேலமரம் நிற்கும் இடம். அந்த வழியாகப் போகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் படுத்து இளைப்பாறுவார்கள். மரத்தடியில் ஒரு நரி செத்துக் கிடந்தது. பக்கத்தில் இரண்டு புறாக்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. வாலைப் பிடித்து இழுக்கலாம் என்று குனிந்தான். தலை சுற்றியது, முழங்கால் மடிந்தது. எப்படியோ தவழ்ந்து மேலே வந்து விழுந்தான். வெடிப்பிலிருந்து வந்த கெட்ட காற்று கண்ணுக்குத் தெரியாமல் பள்ளத்தில் தேங்கியிருக்கிறது என்று புரிந்துவிட்டது.

மறுநாள் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கடாஃபோ வந்து சேர்ந்தான். அத்தை மகன், வாக்ரிஸின் தங்கை மோமினாவைக் கட்டியவன். நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவன்.

"என்ன மச்சான், தரை உன்னை இன்னும் முழுங்கலையா?" என்றான் கடாஃபோ.

"முழுங்கிப் பாத்துச்சு. கசக்குதுன்னு துப்பிருச்சு."

கைப்பற்றி முத்தமிட்டு உட்கார்ந்தார்கள். கடாஃபோ முதலில் சொன்னான். யார் செத்தது, யாருக்குப் பிள்ளை பிறந்தது, எல்லையில் சிப்பாய்கள் புதிதாகக் கூடாரம் போட்டிருப்பது, எல்லாம்.

"ஆணி அடிச்சவங்க வந்து அளந்தாங்க. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல இன்னும் ஒரு விரக்கடை கூடியிருக்காம்."

"நல்லதாப் போச்சு. உன் கொறட்டை இங்க வரைக்கும் கேக்காது."

"அது என் கொறட்டை இல்லடா, உன் தங்கச்சியோடது. உங்க வீட்லேருந்து வந்ததுதான்." கடாஃபோ சிரித்தான். "மூணு நாள்ல கூடாரத்தைப் பிரிச்சிட்டு இந்தப் பக்கமே வந்துடறோம். அண்ணன் பக்கத்துலதான் இருக்கணுமாம், ஒரே நச்சரிப்பு. உப்புவெளி வழியாத்தான் வருவோம். சரி, உன் டாகுவைச் சொல்லு."

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பள்ளத்தைச் சொன்னால் வெடிப்பைக் கேட்பான். வெடிப்பைச் சொன்னால் ஆவியைக் கேட்பான். நாளைக்கே ஊர் பூராவும் கல்லோடு வந்து நிற்கும். உப்புவெளி வழியாகத்தானே வருகிறார்கள், பள்ளத்துப் பக்கம் அவர்களுக்கு என்ன வேலை? வந்ததும் முதல் பை தண்ணீரை மோமினா கையில்தான் கொடுக்கப்போகிறோம். அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

"தரை ஆடுச்சு, இப்ப அடங்கிருச்சு," என்றான். "மேட்டுப் பக்கம் ஒட்டகத்தைத் தேடிப் போனேன், கெடைச்சிருச்சு. பள்ளத்து வழியாத்தான் திரும்பினேன். மழை ஒரு சொட்டு இல்ல. சின்னவளுக்குப் பல்லு மொளைச்சிருக்கு."

"இவ்வளவுதானா? ஒட்டகத்தோட நாக்கையும் தொலைச்சிட்டியா?" என்று கேலி செய்துவிட்டுக் கடாஃபோ கிளம்பிப் போனான்.

நாலாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் முதல் பை நிறைந்தது. அதன் வாயைக் கட்டி மோமினாவுக்கென்று தனியாக வைத்தான். நிமிர்ந்தபோது, பள்ளம் இருக்கும் திசையிலிருந்து கடாஃபோ தனியாக நடந்து வந்தான். ஒட்டகமும் இல்லை, தோளில் துண்டும் இல்லை.

அப்போதும் கடாஃபோ கையைப் பற்றி முத்தமிட்டான். கல்குவியலை ஒரு தரம் பார்த்தான். உட்கார்ந்தான்.

"டாகு சொல்லு," என்றான்.

"மச்சான், மோமினா எங்க?"

"நீ முதல்ல சொல்லு."

வாக்ரிஸ் சொன்னான். வெடிப்பு, ஆவி, நரி, புறா, தலை சுற்றியது. இந்த முறை எதையும் விடவில்லை.

"எப்பப் பாத்தே?"

"உன்னைப் பாத்ததுக்கு முந்தின நாள்."

கடாஃபோ தலையை ஆட்டினான். பிறகு, வேறு யார் வீட்டுச் சேதியோ போலத் தன் டாகுவைச் சொன்னான்.

"உப்புவெளி வழியைச் சிப்பாய்ங்க அடைச்சிட்டாங்க. ராத்திரியெல்லாம் நடந்து இந்த மேட்டுப் பக்கமா வந்தோம். விடியக்காலை, காத்தே இல்ல. ஒரு ஒட்டகத்துக்குச் சுமை அவுந்துபோச்சு, நான் நின்னுட்டேன். மோமினா, பள்ளத்துல போயி செத்த நேரம் படுக்கறேன்னா. இரு, தரை ஆடின எடம், நான் வந்து பாத்துட்டு எறங்குவோம்னேன்."

கடாஃபோ தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தான்.

"சிரிச்சா. 'எங்கண்ணன் அந்த வழியாத்தானே போயிட்டு வந்திருக்கு, ஏதாச்சும் இருந்தா உன்கிட்ட சொல்லியிருக்கும்ல'ன்னா. ஆடுகளை ஓட்டிக்கிட்டுப் போயிட்டா. நான் போறப்ப ஆடுங்க அவளைச் சுத்திப் படுத்திருந்துச்சு. மூச்சடக்கித் தூக்கிட்டு வந்தேன். நேரமாயிருச்சு."

வாக்ரிஸ் மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினான். கடாஃபோ அடிப்பான், இடுப்புக் கத்தியை உருவுவான் என்றுதான் நினைத்தான். அப்படிச் செய்திருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும். கடாஃபோ எழுந்து நின்றான், அவ்வளவுதான்.

"அவளைக் குளிப்பாட்டணும். எங்கிட்ட தண்ணி இல்ல."

மோமினாவுக்கென்று எடுத்து வைத்த பையை வாக்ரிஸ் தோளில் போட்டுக்கொண்டான். மச்சானுக்குப் பின்னால் பள்ளத்தை நோக்கி நடந்தான்.